மறைத்து வைத்த தேமல்

காலில் முள் தைத்தால் லயம் முழுக்கச் சொல்லி அழுவோம். உணர்ச்சியில்லாத தேமல் ஒன்று கண்டால் மட்டும் கட்டிய கணவனுக்குக்கூடச் சொல்லமாட்டோம்.

எங்கள் பள்ளியில் ஒரு கோத்தோங் ரோயோங் நாள். மாணவன் ஒருவனின் தாயார் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கொதிக்கும் பானையில் அவர் முழங்கை பட்டபடியே இருக்கிறது, கையை இழுக்கவில்லை. “சுடலையாம்மா?” என்றோம். முகம் வெளுத்துவிட்டது. நான்கு ஆண்டுகளாக நீளக்கைச் சட்டைக்குள் மறைத்திருந்தாராம். பால்மரம் வெட்டுகிறவர் நீளக்கைச் சட்டை போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

“சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோயிடுவாங்களா, சார்?” அதுதான் அவருடைய முதல் கேள்வி.

அது பாட்டி காலத்துப் பயம். 1930-இல் திறக்கப்பட்ட அந்தக் குடியிருப்பில் தொழுநோயாளிகளைப் பிரித்து வைத்தார்கள். அன்று சரியான மருந்து இல்லை. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ வீட்டிலிருந்தபடியே சாப்பிடலாம். தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. பெரும்பாலோர் உடலில் இக்கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. எல்லாத் தேமலும் தொழுநோயல்ல. தொட்டால் தெரியாத தேமலை உடனே காட்ட வேண்டும். கிருமி கெடுப்பது நரம்பை.

எங்கள் ஆசிரியை ஒருவர் துணைக்கு வர, அந்தத் தாயார் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார். ஓராண்டு மருந்தில் நோய் தீர்ந்தது. வீட்டைவிட்டு யாரும் விரட்டவில்லை. கணவர்தான் தினமும் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். முன்பே வளைந்துபோன இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை.