பொதுச்சுவரும் அஞ்சடி நடையும்

மனுரேவாவில் நமது வீதிகளின் தோற்றம் மாறி வருகின்றது. கால் ஏக்கர் காணியில் புற்றரையோடு தனித்து நின்ற பலகை வீட்டை அகற்றிவிட்டு, அதே காணியில் ஆறு வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுகின்றனர். 2016ஆம் ஆண்டின் ஒக்லாந்து நகரத் திட்டம் இதற்கு வழி திறந்தது. சென்ற தவணையில் 'எனது வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, "இரண்டு சுவர்கள்தாம் எங்களுடையவை, மற்ற இரண்டும் பக்கத்து வீட்டாருக்கும் சொந்தம்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பெற்றோர் பலர் இதனைக் குறையாகவே சொல்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலிக்குள் பிறந்தவன் என்ற முறையில் அவர்களது மனம் எனக்கு விளங்கும். கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக வழக்காடிய மரபல்லவா நமது! ஆயினும் ஒட்டி நிற்கும் வீடு தமிழருக்குப் புதியதன்று.

இந்நாட்டுக்கு வருமுன், மலேசியாவில் அகதியாகக் காத்திருந்த காலத்தில், பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுன் நகரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் குடியிருந்தேன். கீழே பலசரக்குக் கடை. மேலே நாங்கள் ஐவர்.

கடைவீட்டின் முகப்பு ஒடுக்கமானது. பெரும்பாலும் 15 முதல் 20 அடி. காரணம் மரம். இரு பக்கச் சுவர்களிலும் முனைகளை ஊன்றி, நடுவே தூணின்றி ஓர் உத்திரம் பாரம் தாங்கக்கூடிய நீளமே வீட்டின் அகலம். அகலத்தில் இழந்ததை நீளத்தில் பெற்றனர். 100 அடிக்கு மேலும் உள்ளே செல்லும் வீடுகள் உண்டு. பக்கங்களில் யன்னல் வைக்க இயலாதே, வெளிச்சம் எங்கிருந்து வரும்? கூரையை நடுவில் திறந்து, நமது நாற்சார் வீட்டைப் போல ஒரு முற்றம் விட்டனர். வெப்பக் காற்று அதன் வழியே மேலெழ, வீதிக் காற்று உள்ளே இழுபடும். மழையும் வரும் என்பதை மறைப்பதற்கில்லை. முற்றத்தை ஒட்டிய எங்கள் அறையில் பாய்கள் நனைந்த இரவுகள் பல.

பொதுச்சுவர் உத்திரத்தைத் தாங்குவதோடு நெருப்பையும் தடுக்கின்றது. பல வரிசைகளில் அது கூரைக்கு மேலும் உயர்ந்து நிற்பது அதனாலேயே. ஓலையும் பலகையுமாக இருந்த தொடக்கக் குடியிருப்புகளில் ஒரு வீட்டில் தீப்பற்றினால் வீதியே எரியும். 1819இல் பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் சிங்கப்பூர் சென்ற நாராயண பிள்ளை என்னும் தமிழர், அங்கு முதலாவது செங்கற் சூளையை அமைத்தார். 1822இல் அவருடைய துணிக்கடையே தீயில் அழிந்தது. அதே ஆண்டில் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டும் வீடுகள் ஒரே வகையான முகப்புடன், எக்காலமும் திறந்திருக்கும் தொடர் நடைபாதையை முன்னே விட வேண்டும் என விதித்தது. அவ்வழக்கம் பினாங்கிலும் பரவியது. மலாயர் 'காக்கி லிமா' என்றும் நம்மவர் 'அஞ்சடி' என்றும் அழைப்பது இந்நடையையே.

நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. கீழே விட்டுக்கொடுத்த இடத்தை, நடைக்கு மேலாக நீளும் மாடியில் அவர் மீட்டுக்கொள்கிறார். எவ்வளவு நேர்த்தியான உடன்பாடு! ஆனால் மனிதர் மனிதர்தாமே. கடைக்காரர் நடையில் பொருள்களை அடுக்கினர். 1888இல் சிங்கப்பூர் நகரசபை அவற்றை அகற்ற முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டுக் கலவரமே மூண்டது. எங்கள் கீழ்க்கடைக்காரரும் வெங்காயச் சாக்கை வெளியே வைப்பார். அடுத்த கடைக்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் அதைக் காலால் உள்ளே தள்ளிவிடுவார். அவ்வளவில் வழக்கு முடியும்.

1948க்கு முற்பட்ட வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய மலேசியச் சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கியது. வாடகை உயர, தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ ஜோர்ஜ் டவுனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. சுவர்கள் காக்கப்பட்டமை மகிழ்ச்சியே. ஆயினும் மாடியில் விளக்கேற்றிப் படிக்கப் பிள்ளைகள் இல்லாத கடைவீட்டைப் பாதிக் கடைவீடு என்றே சொல்வேன்.

மனுரேவாவின் புதிய வரிசைகளில் பொதுச்சுவர் உண்டு; அஞ்சடி இல்லை. முன்பக்கம் பெரும்பாலும் மோட்டார் வண்டிக்குப் போய்விட்டது.

மாணவச் செல்வங்களே, விடுமுறையில் ஊர் செல்லும் வழியில் சிங்கப்பூரில் இறங்குவீர்களாயின், சிராங்கூன் வீதியில் தூணுக்கும் கடை வாசலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து கொப்பியில் எழுதி வாருங்கள். ஐந்தடி என்பது பெயரளவில்தான். பல இடங்களில் அதற்கு மேலும் இருக்கும். அடுத்த தவணையில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.