நகல் கணக்கு நின்றுவிட்டால்...

நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டிகளில் நாள்வழியைப் பார்த்துப் பேரேடு எழுதியே பழகியவர்கள் நாங்கள். இரண்டு கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கும் இடங்களிலும் வேலை அப்படித்தான். மூல மெஷின் நாள்வழி எழுதும். அதைப் பார்த்து நகல் மெஷின் தன் கணக்கை எழுதிக்கொள்ளும்.

நகல் படிக்கும் முன்பே பழைய நாள்வழித் தாள்களை மூல மெஷின் கழித்துவிட்டால், நகல் நின்றுவிடும். பிறகு நகலைக் காலி செய்து, மூலத்திலிருந்து முழுவதும் புதிதாக எடுக்க வேண்டும்.

சாஃப்ட்வேர் எழுதுவோரின் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் கம்பெனியில் 2017 ஜனவரி 31 அன்று இதுதான் நடந்தது. நகலைக் காலி செய்யப் போன ஊழியர், தவறுதலாக மூலத்தை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போயிற்று. தினமும் தனிப் பிரதி எடுக்கப்படுகிறது என்று நம்பியிருந்தார்கள். தேடினால் பெட்டி காலி! தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த பிரதி கைகொடுத்தது. அந்த 6 மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

நகல் இருப்பதால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். மூலத்தில் தவறி அழித்த பாக்கி, நகலிலும் உடனே அழியும்.

எனவே வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

1. எது மூலம், எது நகல் என்று மெஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

2. ரிப்பேர் பார்க்க வருபவர் எதையும் அழிக்கும் முன், தனிப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.

3. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறு மெஷினில் திறந்து, நாலு வாடிக்கைக்காரர் பாக்கியை ஒத்துப் பாருங்கள்.

கணக்கை நம்பித்தான் கடன் கொடுக்கிறோம். கணக்கு போனால் பாக்கியும் போயிற்று.