வளவுத் தேசிமரமும் எறும்பும்

கொழும்பு மாநகரில் வாழும் தமிழ்மக்கள், நிலம் எத்துணைச் சுருங்கியதாயினும், ஒரு தேசிமரத்துக்கும் ஒரு கறிவேப்பிலைக்கும் இடம் ஒதுக்கத் தவறுவதில்லை. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும், சுவரோடு சுவர் ஒட்டிய கொட்டாஞ்சேனை வீடுகளின் பின்புறத்திலும் இவ்விரண்டையும் இன்றும் காணலாம். மாடிக் குடியிருப்புகள் எழுந்த இடங்களில் அவை சாடிகளில் ஏறிவிட்டன. சில ஆண்டுகள் நன்கு காய்த்த தேசிமரம், இலைகள் கரி பூசியனபோற் கறுத்து, சிறு கிளைகள் காய்ந்து, காய் குன்றி நிற்பதும் பலர் அறிந்த காட்சியே. அப்பொழுது வீட்டார் கடைக்குச் சென்று ஒரு நஞ்சுப் போத்தலை வாங்கிவந்து தெளிக்கின்றனர். சில வாரங்கள் மரம் தேறியதுபோலத் தோன்றும். பின்னர் கேடு முன்னையினும் மிகுந்து திரும்புவதுண்டு. அதற்குக் காரணம் யாதென ஆராய்வோம்.

இலையிற் காணும் கருமை ஒருவகைக் கரிப்பூஞ்சணமாகும். அது இலையின் உட்புகுந்து உண்பதில்லை. இலைமீது சிந்திய இனிப்பு நீரை உண்டே வளர்கின்றது. அந்நீர் எங்கிருந்து வந்ததென அறியவேண்டின், மேலுள்ள இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். நரம்புகளின் மருங்கில், வெளிர்பச்சை நிறமும் நீள்வட்ட வடிவும் உடைய செதில்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் நீளமே உடையது. இதுவே பச்சைச் செதிற்பூச்சி. ஊசிபோன்ற வாயை இழையத்திற் செலுத்தி, சாற்றை ஓயாது உறிஞ்சி, தனக்கு மிகையான சீனியை நீராக வெளியேற்றும். ஆணின் துணையின்றியே பெண் இனம்பெருக்க வல்லது. ஆதலின் ஒன்று எஞ்சினும் போதும்.

இப்பூச்சிக்கு இலங்கை வரலாற்றிலும் இடமுண்டு. 1869 இல் வெளிப்பட்ட இலைத்துரு நோயினால் தளர்ந்திருந்த மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை, 1880 களில் மேலும் நலிவித்தவற்றுள் இதுவும் ஒன்று. 1889 இல் இதனை விவரித்து அறிவியற் பெயரிட்டவர் எட்வேட் ஏர்ணஸ்ட் கிறீன் என்பவர். அவர் பின்னர் இந்நாட்டின் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பணிபுரிந்தார். இலங்கைச் செதிற்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய ஐந்து பாக நூல் 1896 முதல் 1922 வரை வெளிவந்தது. கோப்பித் தோட்டங்கள் போயின, பூச்சி போகவில்லை.

நிற்க, செதிற்பூச்சியை அழிக்கும் உயிர்கள் இயற்கையிற் பலவுள. பொறிவண்டும் அதன் குடம்பியும் இதனைத் தின்னும். கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய குளவிகள் செதிலினுள்ளே முட்டையிட, குடம்பி உள்ளிருந்தே உண்டு வளரும். ஈரப்பதன் மிகுந்த காலத்தில் ஒருவகை வெண்பூஞ்சணம் செதில்களைக் கொன்று, அவற்றைச் சூழ வெள்ளை வளையமாகப் படரும். தென்மேற் பருவமழைக் காலத்திற் கொழும்பு மரங்களில் இவ்வளையத்தைத் தேடிப் பார்க்கலாம். அறியாதார் இதனையும் நோயெனக் கருதி அவ்விலைகளைக் கிள்ளி எரிப்பது, தம் படையைத் தாமே கொல்வதை ஒக்கும்.

இத்தனை பகைவர் இருந்தும் செதிற்பூச்சி பெருகுவதேன்? எறும்பே காரணம். இனிப்பு நீரை விரும்பும் எறும்புகள், இடையன் ஆநிரையைக் காப்பதுபோலச் செதிற்பூச்சிகளைக் காத்து, அணுகும் வண்டையும் குளவியையும் துரத்துகின்றன. இலைகளைப் பின்னிக் கூடமைக்கும் முசுறும் இத்தொழிலைச் செய்வதே. ஆயினும் முசுறைக் கொடியதென்று மட்டும் கூறிவிடல் நேர்மையாகாது. கி.பி. 304 இல் ஜி ஹான் என்பார் இயற்றியதாகக் கருதப்படும் சீன நூலொன்று, தோடையினத்துப் பழமரங்களைக் காப்பதற்காக எறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதைக் கூறுகின்றது. அவ்வெறும்பு முசுறே என்பர். புழுக்களையும் நாவாய்ப் பூச்சிகளையும் அது வேட்டையாடும். பெருந்தோப்பில் அவ்வுதவி பெரிதாகலாம். செதில் மூடிய ஒற்றைத் தேசிக்கோ அதன் காவல் தீங்காகவே முடிகின்றது.

இனி நஞ்சின் செயலை நோக்குவோம். பலவகைப் பூச்சிகளையும் ஒருங்கே கொல்லும் நஞ்சு, வெளியே திரியும் வண்டையும் குளவியையும் எளிதில் மாய்க்கும். தாயின் உடலின்கீழ் ஒடுங்கிய செதிற்குஞ்சுகளோ தப்பக்கூடும். இதற்குக் கலிபோர்ணியா நாட்டுத் தோடைத் தோப்புகளே சான்று. அங்கே பரவிய வெண்பஞ்சுச் செதிற்பூச்சியை, 1888 இலும் 1889 இலும் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சில நூறு பொறிவண்டுகளின் வழித்தோன்றல்கள் விரைவில் அடக்கின. 1940 களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதும் வண்டுகள் மாண்டன. அடங்கியிருந்த செதிற்பூச்சி மீண்டும் தலையெடுத்தது. தேசிக்காய் தோலோடு ஊறுகாயாவது. கறிவேப்பிலையோ பறித்தவுடன் சட்டியிற் சேர்வது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிகளைப் பதிவுசெய்து கட்டுப்படுத்துகின்றது. ஆனால் அயல் வீட்டின் கிணறும் பிள்ளைகள் விளையாடும் முற்றமும் பத்தடித் தூரத்தில் இருக்கையில், வீட்டாரின் விவேகமே முதற் காவலாகும்.

ஆகவே முதலிற் செய்யத்தக்கது எறும்பின் வழியை மறித்தலாகும். அடிமரத்தைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி, அதன்மேற் கிறீஸ் பூசவேண்டும். பட்டையில் நேரே பூசின் மரத்துக்கு ஊறு நேரும். சுவரையும் கூரையையும் தொடும் கிளைகளை வெட்டவேண்டும். கொடிக்கயிற்றை மரத்திற் கட்டியிருப்பின் அதுவும் எறும்புக்குப் பாலமே. பின்னர், ஒரு லீற்றர் நீரில் ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சிறிது திரவச் சவர்க்காரமும் நன்கு கலக்கி, மாலைவேளையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். வெயிலிற் தெளித்தால் இலை கருகும். ஒரு கிளையிற் சோதித்துப் பார்ப்பது நன்று. பத்து நாட்களில் மீண்டும் தெளிக்கவேண்டும். இலையிற் படிந்த கருமை உடனே மறையாது. புதுத் தளிர் கறுக்காது வருகின்றதா என்பதே நோக்கத்தக்கது.

பிற பூச்சிகளைப் பற்றி நெடிது கூறவேண்டியதில்லை. பறவையின் எச்சம்போலத் தோன்றி, பின் பச்சை நிறமாகி, தொட்டால் நாற்றமுடைய செங்கொம்புகளை நீட்டும் புழு, தேசி வண்ணத்துப்பூச்சியின் குடம்பியாகும். இளங்கன்றிலிருந்தால் கையாற் பொறுக்கிவிடலாம். முதிர்ந்த மரத்தில் சிலவற்றை விட்டுவைப்பதால் மரம் கெடாது. தளிரில் வெள்ளிக்கோடுகள் கீறும் இலைச்சுரங்கப் புழுவும் வளர்ந்த மரத்துக்குப் பெருங்கேடு செய்வதில்லை.

அலட்சியம் செய்யத்தகாத பூச்சி ஒன்றுண்டு. மூன்று நான்கு மில்லிமீற்றர் அளவினதாய், தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தித் தளிரில் அமரும் சில்லிட் என்னும் சாறுறிஞ்சியே அது. கறிவேப்பிலையிலும் வாழும் இது, பசுமையாக்கல் நோய்க்குக் காரணமான பற்றீரியாவை மரத்துக்கு மரம் கொண்டுசெல்லும். அமெரிக்காவின் புளோரிடாவில் 1998 இற் பூச்சியும் 2005 இல் நோயும் கண்டறியப்பட்டன. அதன்பின் அந்நாட்டுத் தோடை விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நோயுற்ற இலையில், நடுநரம்பின் இருபுறமும் ஒவ்வாத வகையில் மஞ்சள் திட்டுகள் தோன்றும். காய்கள் கோணிச் சிறுக்கும். இந்நோயைத் தீர்க்கும் மருந்து வீட்டுத் தோட்டத்துக்கு இல்லை. விவசாயத் திணைக்கள அலுவலரிடம் காட்டி நோயை உறுதிசெய்தபின் மரத்தை வேரோடு அகற்றவேண்டும். அதிலிருந்து ஒட்டுக்கிளை எடுத்து உறவினருக்குக் கொடுத்தலும் ஆகாது.