சோலையும் புல்வெளியும்

மாணவர்களே, மட்டாஞ்சேரிக் கடைகளில் தேயிலை மணத்தை நுகர்ந்திருப்பீர்கள். அதில் ஒரு பகுதி மூணாற்று மலைகளில் விளைவது. தேயிலைக்கு முன்பே அம்மலைகளில் இருந்தவை சோலைகளும் புல்வெளிகளும் ஆகும். மலைமடிப்புகளில் நீரோடையை ஒட்டிக் குட்டையான மரங்கள் அடர்ந்து நிற்பது சோலை. அதனைச் சூழ்ந்த சரிவுகளில் புல்லே மிகுதி. சோலை என்னும் நம் தமிழ்ச்சொல்லையே உலக அறிவியலாரும் இக்காட்டிற்கு வழங்குகின்றனர்.

இங்கு வாழும் சிறு பறவைகளுக்கு 2017 இல் 'சோலிகோலா' என்னும் பேரினப் பெயர் சூட்டப்பட்டது. சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஓரினமும் வடக்கே மற்றோரினமும் உள்ளன. இவை மரநிழலில், தரையோரத்தில் பூச்சி தேடுபவை. திறந்தவெளியைக் கடப்பது அரிது. நீலகிரி நெட்டைக்காலியோ புல்வெளிப் பறவை. புற்களுக்கிடையே தரையில் கூடு கட்டும்.

தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் இப்புல்வெளிகளில் ஆஸ்திரேலியச் சீகை மரங்கள் நடப்பட்டன. மரம் நடுவது நன்றுதானே என வினவுவீர்கள். எல்லா இடத்திலும் அன்று. நெட்டைக்காலி தன் வீட்டை இழந்தது. வெட்டினாலும் சீகை எளிதில் ஒழியாது. அதன் விதை பல்லாண்டுகள் மண்ணில் உறங்கி, தீப்பட்டபின் முளைக்கும்.

2003 இல் ஆனைமுடிச் சோலையும் பாம்பாடும் சோலையும் தேசியப் பூங்காக்களாயின. பின்னதன் பரப்பு ஏறத்தாழ 1.3 சதுர கிலோமீட்டர்தான். வட்டவடையை அடுத்த பழத்தோட்டத்தில் சீகையை அகற்றி, அம்மலைக்குரிய புல்லை நட்டு வளர்க்கின்றனர். இம்மலைச் சரிவுகளின் நீரே பாம்பாறாக ஓடி, தமிழ்நாட்டின் அமராவதி அணையை அடைகிறது.