மொட்டை மாடியில காய்ஞ்ச பார்சலும் என்னோட 2,300 ரூபாயும்

2025 ஜனவரியில எச்.எம்.பி.வி. வைரஸ் செய்தி வந்தப்போ, சென்னையிலயும் சேலத்துலயும் ஆளுக்கொரு கேஸ்னு டிவியில ஓடின அன்னைக்கு ராத்திரியே நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி வந்துச்சு. "அண்ணா, வெளிநாட்டுல இருந்து ஒரு ஆர்டர் வந்துட்டு இருக்கு, கேன்சல் பண்ணிடவா?" இதே கேள்வி எம்பாக்ஸ் சமயத்துலயும் வந்தது. அடுத்த வைரஸுக்கும் வரும்.

பணத்தைப் பத்திப் பேசுற சேனல்ல வைரஸ் எதுக்குன்னு நினைக்காதீங்க. இந்தப் பயத்துக்கு நான் காசு கொடுத்திருக்கேன், அதான் எழுதுறேன்.

2020 மார்ச் முதல் வாரம். சேனல் ஆரம்பிச்ச புதுசு. சத்தம் சரியில்லைன்னு எல்லாரும் திட்டினதால, சீனாவுல இருந்து ஒரு காலர் மைக் ஆர்டர் போட்டிருந்தேன். விலை 2,300 ரூபாய். அப்போ என் சம்பளத்துக்கு அது சின்ன காசு இல்ல. ஜனவரியில போட்ட ஆர்டர், மார்ச்லதான் கேட்டுக்கு வந்து நின்னுச்சு. அம்மா பார்சல் மேல இருந்த எழுத்தைப் பார்த்தாங்க. "ஊரே பயந்து கெடக்கு, நீ சீனாவுல இருந்து வந்த பொட்டிய வீட்டுக்குள்ள கொண்டு வர்றியாடா?"

விமான நிலையத்துல வர்றவங்களுக்கு 14 நாள் தனிமைன்னு செய்தியில சொல்லிட்டு இருந்த நேரம். அம்மாவும் பார்சலுக்கு அதே 14 நாள் விதிச்சாங்க. மொட்டை மாடியில, வத்தல் காயப் போடுற இடத்துல, கறுப்பு பாலித்தீன் கவரோட வெயில்ல கிடந்துச்சு. அதுக்குள்ள லாக்டவுன் வந்து மறந்தே போயிட்டேன். ஏப்ரல்ல எடுத்துப் பிரிச்சா, மைக் சார்ஜே ஏறல. வந்தப்பவே பழுதா, இல்ல சென்னை வெயில் பேட்டரியை வேக வச்சிடுச்சா, தெரியாது. அந்தத் தளத்துல புகார் கொடுக்க 15 நாள்தான் டைம். அது முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகியிருந்தது. 2,300 ரூபாய் அம்பேல்.

இத்தனைக்கும் அந்தப் பார்சல் வழியிலயே ரெண்டு மாசம் தனிமையில இருந்துட்டுத்தான் வந்திருக்கு! இது அப்போ எனக்கு உறைக்கல.

வைரஸ் ஒரு அட்டைப்பெட்டி மேல பெருகாது. பெருக அதுக்கு உயிருள்ள செல் வேணும். பெட்டி மேல விழுந்த நிமிஷத்துல இருந்து அது குறைஞ்சுக்கிட்டேதான் போகும். 2020 மார்ச் 17-ம் தேதி நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அமெரிக்க விஞ்ஞானிகள் கொரோனா வைரஸை வேற வேற பொருள் மேல வச்சு எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பார்த்தாங்க. செம்பு மேல 4 மணி நேரத்துக்கு அப்புறம் உயிரோட எதுவும் இல்ல. அட்டை மேல 24 மணி நேரம். பிளாஸ்டிக் மேல 72 மணி நேரம் வரைக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அன்னைக்கு எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் அந்த 72 மட்டும்தான் சுத்துச்சு. "பிளாஸ்டிக்ல மூணு நாள் உயிரோட இருக்கும், ஷேர் பண்ணுங்க." அதே ஆய்வுல இருந்த முக்கியமான நம்பர் வேற: பிளாஸ்டிக் மேல அது பாதியாகக் குறைய ஆகுற நேரம் சுமார் 6.8 மணி.

எஸ்.ஐ.பி. போடுற உங்களுக்கு இது ஈஸியா புரியும். கூட்டு வட்டியைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க. 10 லட்சம் ரூபாய் வச்சிருக்கீங்க, ஒவ்வொரு 6.8 மணி நேரத்துக்கும் அது பாதியாகுது. 5 லட்சம், இரண்டரை லட்சம், ஒண்ணேகால் லட்சம்... பத்து தடவை பாதியானா, அதாவது 68 மணி நேரத்துல, கையில மிச்சம் 977 ரூபாய். ஆயிரம் ரூபாய்கூட இல்ல. "மூணு நாள் உயிரோட இருக்கும்"னு சொன்னது இந்த 977-ஐத்தான். அதுவும் ஆய்வகத்துல, 21 முதல் 23 டிகிரி குளுமையில, வேணும்னே நிறைய வைரஸை வச்சுப் பார்த்த கணக்கு.

நிஜத்துல யாரோ ஒருத்தர் ஒரு தடவை இருமினா பெட்டி மேல அவ்வளவு விழாதுன்னு அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் இமானுவேல் கோல்ட்மேன் 2020-லயே லான்செட் குழும இதழ் ஒண்ணுல எழுதினார். பொருள்கள் மூலமா பரவும்ங்கிற ஆபத்தைப் பெரிசுபடுத்துறோம்னு அவர் வாதம். 2021 ஏப்ரல்ல அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும் அங்க வந்து சேர்ந்துச்சு. கிருமி இருக்கிற ஒரு பரப்பைத் தொட்டு கொரோனா வர்ற வாய்ப்பு, பொதுவா 10,000-ல ஒண்ணுக்கும் கீழன்னு சொன்னாங்க. அதுவும் கிருமி இருக்கிற பரப்பைத் தொட்டா! வாரக்கணக்குல கப்பல்லயும் குடோன்லயும் கிடந்துட்டு வர்ற பெட்டியைப் பத்தி நீங்களே யோசிச்சுக்கோங்க.

மறுபக்கத்தையும் சொல்லிடறேன், இல்லன்னா ஒருதலைப்பட்சம்னு சொல்வீங்க. 2022 ஜனவரி 15, பெய்ஜிங் ஹைடியன் பகுதியில ஒருத்தருக்கு ஒமிக்ரான். குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு மூணு வாரம்கூட இல்ல. அவருக்குக் கனடாவுல இருந்து அமெரிக்கா, ஹாங்காங் வழியா ஒரு தபால் வந்திருந்தது, அதுல இருந்து பரவியிருக்கலாம்னு பெய்ஜிங் அதிகாரிகள் சொன்னாங்க. வெளிநாட்டுப் பொருள் வாங்குறதைக் குறைங்க, வந்தா மாஸ்க், கையுறை போட்டு வெளியில வச்சுப் பிரிங்கன்னு மக்களுக்கு அறிவுரை. கனடா தரப்புல இதைச் சந்தேகத்தோடதான் பார்த்தாங்க. தபால் நாலு நாள் பயணம் பண்ணினதையும், அந்த ஊர்ல மனுஷனுக்கு மனுஷன் பரவ ஆயிரம் வழி இருந்ததையும் வச்சுப் பார்த்தா எனக்கும் சந்தேகம்தான். ஆனா குளிர் வேற விஷயம். 2020 அக்டோபர்ல சிங்டாவ் துறைமுகத்துல, இறக்குமதியான உறைந்த காட் மீன் பெட்டி மேல உயிருள்ள வைரஸைப் பிரிச்செடுத்ததா சீன சி.டி.சி. சொல்லுச்சு. ஃப்ரீசர்ல வச்சா வைரஸும் கெடாம இருக்கும். நம்ம ஆர்டர் போடுற போன் கவரும் புரோட்டீன் பவுடரும் ஃப்ரீசர்ல வர்றதில்ல.

இன்னொண்ணு, எல்லா வைரஸுக்கும் இதே கணக்கைப் போடாதீங்க. வாந்தி பேதி கொண்டு வர்ற நோரோ வைரஸ் பொருள்கள் மூலமா நல்லாவே பரவும், அதுக்குச் சேனிடைசரும் சரியா வேலை செய்யாது, சோப்புதான். எம்பாக்ஸ்ல நோயாளி படுத்த பெட்ஷீட், போட்ட துணி ஆபத்து. அதனால புது வைரஸ் செய்தி வந்தா "பார்சல் ஆபத்தா"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "இது எப்படிப் பரவுது, காத்துலயா, தொட்டா?"ன்னு தேடுங்க. எச்.எம்.பி.வி. புதுசுகூட இல்ல, 2001-லயே நெதர்லாந்துல கண்டுபிடிச்சது.

இப்போ செலவுக் கணக்கு. மைக் போனது போதாதுன்னு, ஒரு யு.வி. லைட் பெட்டி வாங்கினேன். ஆமா, நான்தான், பட்ஜெட் போடச் சொல்லி உங்களுக்குப் பாடம் எடுக்குறவன்! அந்த வெளிச்சம் நேரா படுற இடத்துலதான் வேலை செய்யும். மடிப்பு, ஓரம், அடிப்பக்கம் எல்லாம் அப்படியே இருக்கும்னு வாங்கின பிறகுதான் படிச்சேன். இப்போ அதுல சார்ஜர் ஒயர் போட்டு வச்சிருக்கோம். சேனிடைசர் விலை ஏறி, 200 மில்லி பாட்டில் 100 ரூபாய்க்கு மேல விக்கக் கூடாதுன்னு மத்திய அரசே 2020 மார்ச்ல உச்சவரம்பு போட வேண்டியதாப் போச்சு. அந்தப் பாட்டிலை அட்டைப்பெட்டி மேல பீய்ச்சித் தீர்த்த வீடு எத்தனை! என் ஆபீஸ் நண்பன் புது ஹெட்போனையே சேனிடைசர்ல குளிப்பாட்டி, ஈரம் உள்ள போனதால வாரண்டி கிடையாதுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தான். காசு போனாப் போகட்டும், பிளீச்சிங்கையும் ஆசிட் உள்ள டாய்லெட் கிளீனரையும் கலந்து தெளிச்சீங்கன்னா குளோரின் வாயு வரும். மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். சேனிடைசரை கேஸ் அடுப்புகிட்ட தெளிக்கிறதும் அதே கதைதான், அது பத்திக்கிற சாமான்.

அன்னைக்கு நான் பெட்டியைப் பார்த்து பயந்தேன். பெட்டியைக் கொண்டு வந்தவனைப் பத்தி யோசிக்கல. என் சித்தி பையன் அப்போ அம்பத்தூர் பக்கம் ஒரு கூரியர் ஹப்ல டெலிவரி வேலை பார்த்தான். ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னு கூலி. நிறைய வீட்டுல அவன் மேலயே சேனிடைசர் அடிச்சிருக்காங்க, "தம்பி, தூரமா நில்லு"ன்னு. அவன் சிரிச்சுக்கிட்டே சொல்வான், "அண்ணா, பார்சலைப் பார்த்து பயப்படுறாங்க, கையெழுத்து போடும்போது மாஸ்க்கைக் கழட்டிட்டு மூஞ்சிக்கு நேரா பேசுறாங்க." காலையில ஜன்னல் இல்லாத ஷெட்ல முப்பது பேர் தோளோட தோள் நின்னு பார்சல் பிரிப்பாங்க. 2020 ஜூன்ல அவனுக்கு வந்துச்சு. அதே வாரத்துல அந்த ஷெட்ல இன்னும் பல பேருக்கு. பார்சலா, ஷெட் காத்தான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

17 நாள் வேலைக்குப் போகல, 17 நாளும் கூலி இல்ல. உங்கள்ல மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கும், உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். அவனுக்கு அதுவும் இல்ல. சித்தி கம்மலை அடகு வச்சுத்தான் அந்த மாசம் வாடகை கொடுத்தாங்க. என் 2,300 ரூபாயைப் பத்திப் புலம்ப அப்புறம் எனக்கு வாய் வரல.

அதனால காத்துல பரவுற வைரஸ் சீசன்ல பார்சல் வந்தா நான் செய்றது இதுதான். முன்கூட்டியே ஆன்லைன்ல பணம் கட்டிடுவேன், கதவுகிட்ட நின்னு சில்லறை தேடுற வேலை இல்ல. மாஸ்க் போட்டுட்டு, ஓ.டி.பி.யை ரெண்டடி தள்ளி நின்னு சொல்வேன். வெளிக்கவரைப் பிரிச்சு நேரா குப்பையில போட்டுட்டு, சோப்பு போட்டு 20 செகண்ட் கை கழுவுவேன். கை கழுவுற வரைக்கும் மூஞ்சியைத் தொடாம இருந்தா போதும். பிரிக்கும்போது போன்ல வீடியோ எடுத்து, அன்னைக்கே ஆன் பண்ணிப் பார்த்துடுவேன், ஏன்னா ரிட்டர்ன் டைம் வைரஸுக்காகக் காத்திருக்காது. வீட்டுல பெரியவங்க பயந்தா, ஒரு நாள் பால்கனி நிழல்ல வச்சிட்டுப் பிரிங்க. அதுக்குச் செலவு எதுவும் இல்ல.

ஒரே ஒரு மெசேஜ்ல மட்டும் உஷாரா இருங்க. "உங்க வெளிநாட்டுப் பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, கிருமி நீக்கக் கட்டணம் கட்டுங்க", "உள்ள போதைப்பொருள் இருக்கு, வீடியோ கால்ல வாங்க"ன்னு வந்தா கட் பண்ணுங்க. கஸ்டம்ஸ் யாரோட ஜிபே நம்பருக்கும் பணம் போடச் சொல்லாது. ஏமாந்துட்டீங்கன்னா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கு.

போன வாரம் சிங்கப்பூர்ல இருந்து மாமா ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். அம்மா கேட்டுலயே வாங்கி, டெலிவரி தம்பிக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துட்டு உள்ள கொண்டு வந்தாங்க. "எங்கிருந்துன்னு பார்த்தியாம்மா?"ன்னு கேட்டேன். "பார்த்தேன், நீ போய் கையைக் கழுவு"ன்னாங்க.