மடியில் இரண்டு ஒட்டுவேலைகள்

ஓர் அங்குலப் பக்கமுள்ள அறுகோணமாகக் காகிதத்தை வெட்டிக்கொள்கிறார்கள். அதைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டுத் துணியை வெட்டுகிறார்கள். காகிதத்தைத் துணியின் பின்பக்கம் வைத்து, ஓரங்களை ஒவ்வொன்றாக மடித்து, பிறகு பிரித்துவிடக்கூடிய நீளமான ஓட்டுத்தையல் போட்டு நிறுத்துகிறார்கள். இப்படித் தயாரான இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் சேர்த்து, விளிம்பில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் ஊசியில் அள்ளி நெருக்கமாகத் தைக்கிறார்கள். ஒரு துண்டின் ஆறு பக்கங்களும் அக்கம்பக்கத்துத் துண்டுகளோடு சேர்ந்த பின் உள்ளிருக்கும் காகிதத்தை உருவிவிடலாம். இங்கிலாந்தில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒட்டுத்துணிப் போர்வைகள் இந்த முறையில் தைக்கப்பட்டு வருகின்றன.

சிலர் காகிதத்தை உருவாமலே விட்டுவிட்டார்கள். அதனால் நமக்குக் கிடைத்தது ஒரு புதையல். காகிதம் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் பழைய கடிதம், வீட்டுக் கணக்கு, பள்ளிக்கூடத்து எழுத்துப் பயிற்சித் தாள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டி அச்சாக்கினார்கள். போர்வையைத் திருப்பிப் பார்த்தால் துண்டு துண்டான வாக்கியங்கள் தெரியும். அவற்றைக் கொண்டே ஒரு போர்வை எந்தக் காலத்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். பிரிட்டனில் ஆண்டு பொறிக்கப்பட்டுக் கிடைத்தவற்றில் மிகப் பழையது 1718-ஆம் ஆண்டுப் பட்டு ஒட்டுவேலை. அதன் முதுகில் அந்தக் காகிதங்கள் இன்னும் இருக்கின்றன.

அதற்கும் சற்று முந்தையதாகச் சொல்லப்படுவது வட இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில் உள்ள, சுமார் 1708-ஐச் சேர்ந்த ஒட்டுவேலை. அது இந்தியாவிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணியால் ஆனது. அந்த நாளில் சோழமண்டலக் கடற்கரையில் சாயவேரும் படிகாரமும் கொண்டு ஏற்றப்பட்ட சிவப்பு துவைத்தாலும் போகாது. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்கு அது அப்போது கைவராத வித்தை. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, 1721-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடை போட்டது. தடை நீங்கியது 1774-ல்தான். நம் கரையில் சாயமிட்ட துணியின் ஒரு விரற்கடைத் துண்டைக்கூட அங்கே ஒரு பெண் எவ்வளவு கருத்தாகச் சேர்த்து வைத்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சரி, ஏன் அறுகோணம்? இடைவெளியே இல்லாமல் ஒரு தளத்தை நிரப்ப வேண்டுமானால், முனைகள் கூடும் இடத்தில் கோணங்கள் சேர்ந்து 360 பாகை வந்தாக வேண்டும். எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான வடிவங்களில் இந்தத் தேர்வில் தேறுபவை மூன்றே மூன்று. சமபக்க முக்கோணம் ஆறு கூடினால் சரியாக வரும். சதுரம் நான்கு. அறுகோணம் மூன்று. ஐங்கோணத்தின் கோணம் 108 பாகை என்பதால் மூன்றைச் சேர்த்தாலும் 36 பாகை இடைவெளி விழும், நான்காவது நுழையாது. ஏழுகோணம் முதல் மேலே போனால் மூன்று கோணங்கள் கூடினாலே 360-ஐத் தாண்டிவிடும்.

மூன்றில் அறுகோணத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஒரே பரப்பளவுள்ள கட்டங்களாக ஒரு தளத்தைப் பிரிக்கும்போது எல்லைக்கோடுகளின் மொத்த நீளம் மிகக் குறைவாக வருவது அறுகோணத்தில்தான். தேன்கூட்டைப் பார்த்துப் பழங்கால கிரேக்கர்களே இதை ஊகித்துவிட்டார்கள். ஆனால் கணிதப்படி நிரூபிக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிரூபித்தவர் தாமஸ் ஹேல்ஸ். தைப்பவருக்கு எல்லைக்கோடு என்றால் தையல். ஒரே அளவுத் துண்டுகளால் ஒரே அளவுப் போர்வை செய்தால், சதுரத்தைவிட அறுகோணத்தில் தையலின் நீளம் 7 சதவீதம் குறையும், முக்கோணத்தைவிட 18 சதவீதம் குறையும். மடிப்பதிலும் ஆதாயம் இருக்கிறது. முக்கோணத்தின் கூர்முனையில் துணி வால் போல் நீட்டிக்கொண்டு நிற்கும். 120 பாகை மூலை சொன்னபடி படிந்துவிடும்.

ஆனால் தையல் மிஷினுக்கு இது ஒத்துவராது. மிஷின் நேர்கோட்டில் ஓடப் பிறந்தது. சதுரங்களை வரிசையாகச் சேர்த்து ஒரே ஓட்டமாக அடித்துவிடலாம். அறுகோணத்திலோ ஓர் அங்குலம் போனதும் முனை வரும். அங்கே மூன்று துண்டுகள் கூடும். ஊசியை நிறுத்தி, துணியைத் திருப்பி, மடிப்பை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். கைக்கு அது சுலபம். இன்றும் அறுகோணப் போர்வை பெரும்பாலும் கைத்தையலாகவே இருப்பதற்கு இந்த 120 பாகை மூலைதான் காரணம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் மலைப்பு வரும். 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் உள்ள போர்வைக்குச் சுமார் 2,080 அறுகோணங்கள் வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு துண்டுகள் பங்கிட்டுக்கொள்வதால் துண்டுக்கு மூன்று அங்குலத் தையல் என்று கொள்ளலாம். மொத்தம் ஏறக்குறைய 158 மீட்டர். அங்குலத்துக்கு 15 குத்து வைத்தால் 90,000 தடவைக்கு மேல் ஊசி உள்ளே போய் வெளியே வர வேண்டும். இது ஆண்டுக்கணக்கில் மாலை வேளைகளில் மடியில் வைத்துச் செய்கிற வேலை. மடியில் நடக்கிற வேலை என்பதால் வீட்டில் பூனை இருந்தால் அது அங்கே வந்துவிடும்.

பாசத்தால் வருகிறதா என்று கேட்டால், அதுவும் இருக்கலாம். ஆனால் அளந்து சொல்லக்கூடிய காரணம் வெப்பம். பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அதைத் தக்கவைக்க உடல் கூடுதலாக எந்தச் சக்தியும் செலவிடாமல் இருக்க வேண்டுமானால் சுற்றுப்புறம் 30 முதல் 38 டிகிரி வரை இருக்க வேண்டும். நமக்கு இதமாக இருக்கும் 22 டிகிரி அறை பூனையின் கணக்கில் குளிர். போர்வையிலோ மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, கீழே இன்னொரு துணி என்று மூன்று அடுக்கு. பஞ்சின் இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அடியிலிருந்து தைப்பவரின் உடல் சூடு வேறு. அந்த அறையில் பூனைக்குப் பொருத்தமான இடம் அது ஒன்றுதான்.

தரையில் துண்டுகளைப் பரப்பி நிற அடுக்கைச் சரிபார்க்கும்போதும் பூனை நடுவில் வந்து உட்காரும். தரையில் ஒரு சதுரம் ஒட்டிவைத்தால் பூனை அதற்குள் அமரும் என்பதைச் சோதிக்க 2021-ல் ஓர் ஆய்வு வெளியானது. வளர்ப்பவர்கள் தங்கள் வீட்டிலேயே செய்து பார்த்த சோதனை அது. நான்கு மூலைத் துண்டுகளை மட்டும் வைத்து, கண் தானாகவே சதுரத்தை நிரப்பிக்கொள்ளும்படி செய்த மாயச் சதுரத்திலும், உண்மைச் சதுரத்தில் அமர்ந்த அளவுக்குப் பூனைகள் அமர்ந்தன. முடிவுக்குக் கணக்கில் வந்த பூனைகள் ஒன்பதே என்பதால் இதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

பூனையும் நூலும் ஒரே மடியில் இருப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. பூனையின் நாக்கில் சுமார் 300 முட்கள் உள்ளன. எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை, நம் நகத்தின் பொருளான கெரட்டினால் ஆனவை. 2018-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் இவற்றின் நுனி குடைந்த கரண்டி போல் இருப்பதைக் கண்டார்கள். அந்தக் குழிவு எச்சிலை ஏந்திக்கொண்டுபோய் உரோமத்தின் அடிவேர் வரை சேர்க்கிறது. அருமையான சீப்பு. ஆனால் அதே முள்ளில் நூல் மாட்டினால் துப்புவது பூனைக்குக் கடினம். நாக்கு அசைய அசைய நூல் உள்நோக்கித்தான் போகும்.

விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் இறங்கினால் விபரீதம். குடல் தன் இயல்புப்படி சுருங்கி விரிந்து நூலைத் தள்ளப் பார்க்கிறது. நூல் நகராது. குடல்தான் நூலின் மேல் ஏறிக் கொசுவுகிறது, பாவாடை இடுப்பில் நூலை இழுத்துச் சுருக்கு வைப்பது போல. இறுகிய நூல் குடற்சுவரை உள்ளிருந்து அறுக்கவும் செய்யும். அதனால் பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்கவே கூடாது, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வேலை முடிந்ததும் ஊசி, நூல்கண்டு, வெட்டி எறிந்த நூல்துணுக்கு எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு மூடிவிட்டு எழுந்தால் போதும். பூனை வளர்த்துக்கொண்டே காலமெல்லாம் கைத்தையல் போடலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அந்த மடியில் இருப்பது வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அங்கே ஒட்டுவேலைகள் இரண்டு. ஒன்றை ஒருவர் துண்டு துண்டாகத் தேர்ந்து தைக்கிறார். மற்றொன்று தாயின் வயிற்றில், யாருடைய தேர்வும் இல்லாமல் உருவானது.

மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும். காரணம், செம்மஞ்சளா கறுப்பா என்பதை முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே, ஆகவே இரண்டில் ஒரு நிறம்தான். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து மற்றொன்றும் வருவதால் ஒன்றில் செம்மஞ்சளும் மற்றதில் கறுப்பும் இருக்கலாம். அப்படியே இருந்தாலும் இரண்டும் கலந்து ஒரு நடுத்தர நிறம் வராமல் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்பது ஏன்?

விடையின் முதல் நுனி பூனையிடமிருந்தே கிடைத்தது. 1949-ல் கனடாவில் முர்ரே பாரும் அவருடைய மாணவர் எவர்ட் பெர்ட்ராமும் பூனையின் நரம்புச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பூனைகளின் செல் உட்கருவில் மட்டும் ஒரு கரிய புள்ளி தெரிந்தது. ஆணில் அது இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து சுசுமு ஓனோ, அந்தப் புள்ளி இறுகச் சுருண்ட ஓர் எக்ஸ் குரோமோசோம் என்று காட்டினார். 1961-ல் இங்கிலாந்தில் எலிகளின் உரோமத் திட்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்த மேரி லயன் எல்லாவற்றையும் இணைத்துவிட்டார். பெண் கரு மிக இளமையாக இருக்கும்போதே அதன் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸ்களில் ஒன்றை வாயடைத்துவிடுகிறது. எதை அடைப்பது என்பது குருட்டாம்போக்கு. ஆனால் ஒருமுறை முடிவானால் முடிவானதுதான். அந்தச் செல் பிரிந்து பெருகும் சந்ததி முழுவதும் அதே எக்ஸை அடைத்தே வைத்திருக்கும்.

நிறச் செல்களின் முன்னோர்கள் கருவின் முதுகுப்புறத்தில் தோன்றி, பெருகிக்கொண்டே பக்கவாட்டில் இறங்கி வயிற்றை நோக்கிப் பரவுகின்றன. கறுப்பு எக்ஸை அடைத்த செல்லின் வழித்தோன்றல்கள் போய்ச் சேர்ந்த இடம் செம்மஞ்சள் திட்டு. மற்றதை அடைத்ததன் வழித்தோன்றல்கள் குடியேறிய இடம் கறுப்பு. நிறச் செல் எட்டாத இடம் வெள்ளை. இந்த வெள்ளைக்குக் காரணம் எக்ஸுக்கு வெளியே இருக்கும் வேறொரு மரபணு. வெள்ளை இல்லாத பூனையில் செம்மஞ்சளும் கறுப்பும் பொடிப்பொடியாக விரவிக் கிடக்கும். வெள்ளை கூடக் கூட மற்ற இரண்டு நிறங்களும் பெரிய, தெளிவான திட்டுகளாகும். பரவும் செல்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றின் சந்ததிக்கும் போட்டியின்றி அகலமான இடம் கிடைக்கிறது.

காகிதம் உருவப்படாத பழைய போர்வையைப் புரட்டினால் தைத்தவளின் காலம் தெரிகிறது என்று சொன்னேன். மூவண்ணப் பூனையைப் புரட்டவே வேண்டாம். கண்ணுக்குப் புலப்படாத கருவில் சில செல்கள் எடுத்த முடிவு அதன் முதுகில் வெளிப்படையாக விரிந்திருக்கிறது. பாலூட்டிகளில் பெண் உடல் ஏறக்குறைய எல்லாமே, மனிதப் பெண்ணின் உடலும்கூட, இப்படிப்பட்ட ஒட்டுவேலைதான். நம்மில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

செம்மஞ்சளுக்குக் காரணமான மரபணு எது என்பது மட்டும் நூறாண்டுக்கும் மேலாகப் பிடிபடாமல் இருந்தது. 2025-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி சசாகியின் குழுவும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிரெக் பார்ஷின் குழுவும் தனித்தனியே அதை எட்டின. சசாகி குழுவின் ஆய்வுக்குப் பூனைப் பிரியர்கள் பலர் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். செம்மஞ்சள் பூனையின் எக்ஸ் குரோமோசோமில் சுமார் 5,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. அது இல்லாததால், பக்கத்தில் உள்ள ஒரு மரபணு நிறச் செல்லில் விழித்துக்கொள்கிறது. வழக்கமாக அது அங்கே உறங்கிக் கிடக்க வேண்டியது. அது விழித்தால் கறுப்பு நிறமி உண்டாகும் பாதை அடைபட்டு, செம்மஞ்சள் நிறமி உண்டாகிறது.

போர்வையின் வரைபடமும் அதே துணிகளும் இருந்தால் இன்னொரு வீட்டில் அதே போர்வையை மறுபடி தைத்துவிடலாம். பூனையில் அது நடக்குமா என்பதற்கு விடை தற்செயலாகவே கிடைத்தது. 2001 டிசம்பர் 22 அன்று டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது. பெயர் சிசி. ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் ஒரு செல்லிலிருந்து எடுத்த உட்கருவால் உருவானது அது. மரபணுத் தொகுதி அப்படியே ரெயின்போவுடையது. பிறந்த குட்டியோ பழுப்பு வரியும் வெள்ளையுமாக இருந்தது, செம்மஞ்சள் மருந்துக்கும் இல்லை. எடுக்கப்பட்ட அந்த ஒற்றைச் செல்லில் செம்மஞ்சள் எக்ஸ் ஏற்கெனவே வாயடைபட்டிருந்தது, குளோன் செய்தபோதும் அது திறந்துகொள்ளவில்லை. வெள்ளைத் திட்டுகளும் தாயுருவில் இருந்த இடத்தில் இல்லை, ஏனென்றால் நிறச் செல்கள் வேறொரு கருப்பையில் புதிதாக வழி தேடிப் பரவியிருந்தன. சிசி 18 ஆண்டுகள் வாழ்ந்தது. நடுவே 2006-ல் அது குட்டிகளும் ஈன்றது.