சரக்குந்து ஓட்டுநர் ஊதியமும் தொலைவுக் கணக்கீடும்

சரக்குந்து ஓட்டுநர் ஊதியத் தொலைவுக் கணக்கீடு என்பது, லாரி எனப் பேச்சு வழக்கில் வழங்கும் சரக்குந்துகளை ஓட்டுபவர்களுக்குக் கூலி வழங்குவதற்காகப் பயணத் தொலைவை அளக்கும் முறைகளைக் குறிக்கும். ஒரே பயணத்தின் தொலைவு, அளக்கும் முறையைப் பொறுத்து வேறுபடும். இதனால் கிலோமீட்டருக்கான கூலி வீதம் மாறாத போதும் ஓட்டுநரின் கைக்கு வரும் தொகை மாறுகிறது.

கணக்கிடும் முறைகள்

தொலைவைக் கணக்கிடுவதற்கு நான்கு முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

1. அட்டவணைத் தொலைவு: இரண்டு ஊர்களுக்கு இடையில் முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்ட தொலைவு. இது பெரும்பாலும் மிகக் குறுகிய வழியை அடிப்படையாகக் கொண்டது. ஊரின் நடுவிலிருந்து சரக்கு ஏற்றும் கிடங்கு வரையிலான ஓட்டம் இதில் சேராது.
2. நடைமுறை வழித் தொலைவு: கனரக வாகனம் செல்லத்தக்க நெடுஞ்சாலைகள், புறவழிச்சாலைகள் ஆகியவற்றின் வழியாகக் கணக்கிடப்படுவது.
3. ஓடோமீட்டர் தொலைவு: வண்டியில் உள்ள மானி காட்டும் அளவு. சுற்றுவழி, வழி தவறுதல், டீசல் நிரப்பச் செல்லுதல் அனைத்தும் இதில் அடங்கும்.
4. ஜிபிஎஸ் தொலைவு: செயற்கைக்கோள் குறிகைகளைக் கொண்டு வண்டி இருந்த புள்ளிகளைப் பதிவு செய்து, அவற்றை இணைத்துப் பெறும் அளவு.

அளவீட்டுப் பிழைகள்

கருவி காட்டும் எண்ணும் முற்றிலும் துல்லியமானதன்று. ஓடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளையே எண்ணுகிறது. 1 மீட்டர் விட்டமுள்ள டயர் 1 செ.மீ. ஆழத்திற்குத் தேய்ந்தால் அதன் விட்டம் 2 செ.மீ. குறைகிறது. அப்போது மானி உண்மைத் தொலைவை விட ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதலாகக் காட்டும்.

ஜிபிஎஸ் கருவியில் பிழை எதிர்த்திசையில் நேரலாம். கருவி நீண்ட இடைவெளி விட்டுப் புள்ளிகளைப் பதிவு செய்தால், வளைவுகள் நேர்கோடுகளாகச் சுருங்கிவிடும். போளூரிலிருந்து சவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூருக்குச் செல்வது போன்ற வளைவு மிகுந்த மலைச்சாலைகளில் இவ்வாறு தொலைவு குறைவாகப் பதிவாகக்கூடும்.

எடுத்துக்காட்டு

திருவண்ணாமலை மாவட்டத்தின் கலசப்பாக்கத்திலிருந்து சென்னைக்கு அரிசி ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றைக் கருதலாம். போளூர், ஆரணி, ஆற்காடு வழியாக நெடுஞ்சாலையை அடைந்தும் செல்லலாம். சேத்துப்பட்டு, வந்தவாசி வழியாகவும் செல்லலாம். கீழுள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை. கூலி வீதம் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் எனக் கொள்ளப்படுகிறது.

அட்டவணைத் தொலைவு: 180 கி.மீ.; கூலி 720 ரூபாய்
நடைமுறை வழித் தொலைவு: 195 கி.மீ.; கூலி 780 ரூபாய்
ஓடோமீட்டர் தொலைவு: 204 கி.மீ.; கூலி 816 ரூபாய்

ஒரு பயணத்தில் வேறுபாடு 96 ரூபாய் மட்டுமே. மாதத்திற்கு 24 முறை சரக்குடன் ஓடினால் இது 2,304 ரூபாய் ஆகும். அட்டவணை முறையில் இந்தக் கூடுதல் 24 கி.மீ. ஓட்டம் கூலியின்றிச் செய்யப்படுகிறது. வெறும் வண்டியாகத் திரும்பும் தொலைவுக்குக் கூலி உண்டா, உண்டெனில் அதே வீதமா என்பது தனியாகப் பேசி முடிக்க வேண்டியதாகும்.

டீசல் கணக்கு

தமிழ்நாட்டில் மைலேஜ் என்னும் சொல் ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி ஓடும் கிலோமீட்டரையே பெரும்பாலும் குறிக்கிறது. இந்தக் கணக்கிலும் தொலைவு முதன்மையானது. மேற்கண்ட பயணத்தில் லிட்டருக்கு 4 கி.மீ. என்று கொண்டால், 180 கி.மீ. தொலைவுக்கு 45 லிட்டர் டீசல் ஒதுக்கப்படும். உண்மையில் 204 கி.மீ. ஓடிய வண்டிக்கு 51 லிட்டர் தேவை. எஞ்சிய 6 லிட்டரை உரிமையாளர் ஓட்டுநரின் கணக்கில் பிடித்தம் செய்தால், லிட்டர் 90 ரூபாய் வீதம் 540 ரூபாய் இழப்பாகும். இது கூலியில் ஏற்படும் வேறுபாட்டை விடப் பல மடங்கு பெரியது. ஓட்டுநர் டீசலை வீணாக்கினார் என்ற குற்றச்சாட்டுக்கும் இது இடமளிக்கிறது. எனவே டீசலை ஒதுக்கும் தொலைவும் செலவைச் சரிபார்க்கும் தொலைவும் ஒன்றாக இருத்தல் இன்றியமையாதது.

தமிழ்நாட்டு வழக்கம்

நாமக்கல், சங்ககிரி ஆகியவை தமிழ்நாட்டின் முக்கிய லாரித் தொழில் மையங்கள். கிலோமீட்டர் கூலி தவிர, மாதச் சம்பளத்துடன் படி, ஒரு நடைக்கு இவ்வளவு என்னும் மொத்தத் தொகை, வாடகையில் சதவீதம் ஆகிய முறைகளும் இத்தொழிலில் உள்ளன. இவற்றில் கிலோமீட்டர் வெளிப்படையாகக் குறிப்பிடப்படாமல் இருக்கலாம். ஆயினும் நடைக்கூலி ஏதோ ஒரு தொலைவை மனத்தில் கொண்டே பேசப்படுகிறது. பாலம் பழுதாகி வண்டி சுற்றிச் செல்ல நேர்ந்தாலும் அத்தொகை தானாக உயர்வதில்லை.

காத்திருப்பு நேரம்

தொலைவு சார்ந்த கூலி எல்லாவற்றிற்கும் பொதுவான குறை, வண்டி நிற்கும் நேரம் கணக்கில் வராமையாகும். மேற்கண்ட 204 கி.மீ. பயணத்தை 6 மணி நேரத்தில் முடித்தால் ஓட்டுநருக்கு மணிக்கு 136 ரூபாய் கிடைக்கிறது. சரக்கு இறக்க 10 மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் மொத்தம் 16 மணி நேரம். கூலி மணிக்கு 51 ரூபாயாகக் குறைகிறது. அட்டவணைத் தொலைவின்படி அது 45 ரூபாய். அதாவது, இங்கு அளவீட்டு முறையால் ஏற்படும் வேறுபாடு மணிக்கு 6 ரூபாய். காத்திருப்பால் ஏற்படும் இழப்பு 85 ரூபாய். தொலைவைத் துல்லியமாக அளப்பது மட்டுமே நியாயமான கூலியை உறுதி செய்யாது என்பதை இது காட்டுகிறது. இழந்த நேரத்தை ஈடுசெய்ய வேகமாகவோ தூக்கமின்றியோ ஓட்டும் நிலையும் இதனால் உருவாகிறது.

சட்டங்கள்

இந்தியாவின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. நீண்ட தூர வழித்தடங்களில் உரிய அனுமதியுடன் நாளுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணி வரை நீட்டிக்க இடமளித்தது. மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியமும் விதித்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே இச்சட்டம் பொருந்தியது. ஓரிரு வண்டிகள் மட்டும் வைத்திருந்த உரிமையாளர்களின் ஓட்டுநர்கள் பெரும்பாலும் இதன் வரம்புக்கு வெளியே இருந்தனர். 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதன் இடத்தைப் பெற்றது.

சரக்கு மற்றும் சேவை வரிக்கான இ-வே பில் முறை 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கான இணையத்தளம் அஞ்சல் குறியீட்டு எண்களைக் கொண்டு இரண்டு இடங்களுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிடுகிறது. சாதாரணச் சரக்குக்கு ஒவ்வொரு 200 கி.மீ. தொலைவுக்கும் ஒரு நாள் என அச்சீட்டின் செல்லுபடிக் காலம் 2021 சனவரி 1 முதல் அமைகிறது. இது வரிக்கான ஏற்பாடே. கூலிக்கான அளவுகோல் அன்று. எனினும் ஓட்டுநரும் உரிமையாளரும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க எழுத்துப்பூர்வமான தொலைவை இது தருகிறது.

பிற நாடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் நீண்ட தூர ஓட்டுநர்கள் பலர் மைல் கணக்கில் கூலி பெறுகின்றனர். வீட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்காகத் தொகுக்கப்பட்ட மைல் வழிகாட்டி அங்கு நெடுங்காலம் கூலிக்கும் அடிப்படையாக இருந்தது. அதன் மைல்கள் உண்மையில் ஓடியதை விடக் குறைவு என்பது ஓட்டுநர்களின் நீண்டகாலக் குறையாகும். மாநிலங்களுக்கு இடையே ஓடும் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு 1938 ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரச் சட்டத்தின் மிகைநேர ஊதிய விதி பொருந்துவதில்லை.

ஆஸ்திரேலியாவின் நீண்ட தூரப் போக்குவரத்து ஊதிய ஆணை, கிலோமீட்டர் முறை, மணிநேர முறை என்னும் இரண்டையும் வகுத்துள்ளது. முக்கிய நகரங்களுக்கு இடையிலான ஒப்புக்கொள்ளப்பட்ட தொலைவுகளும் அதிலேயே பட்டியலிடப்பட்டுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டின் 561 ஆம் எண் ஒழுங்குவிதி, சாலைப் பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கும் வகையில் தொலைவையோ சரக்கின் அளவையோ சார்ந்து ஊதியம் வழங்குவதைத் தடை செய்கிறது.

ஒப்பந்தத்தில் தெளிவுபடுத்த வேண்டியவை

* தொலைவு எம்முறையில் அளக்கப்படும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை
* வெறும் வண்டி ஓட்டத்திற்கும் சுற்றுவழிக்கும் உரிய கூலி
* டீசல் ஒதுக்கீட்டிற்கு அடிப்படையான தொலைவு
* எத்தனை மணி நேரத்திற்குப் பின் காத்திருப்புப் படி தொடங்கும்
* ஓடோமீட்டர், ஜிபிஎஸ் பதிவுகளை ஓட்டுநரும் பார்க்கும் வசதி

இவற்றையும் பார்க்கவும்

* சரக்குந்து
* ஓடோமீட்டர்
* நாமக்கல்